எலாமைட்டும் திராவிட மொழிகளும் ஒரே குடும்பமா?

நீங்க கேட்டது இது: "எலாமைட்தான் தமிழோட தாய்மொழி, நாம ஈரான்லேருந்து வந்தவங்கன்னு ஒரு வீடியோல சொல்றாங்க, இது நிரூபிச்சாச்சா?" எலாமைட்னா பழங்கால ஈரானோட தென்மேற்குல இருந்த எலாம் நாட்டு மொழி, இப்ப வழக்குல இல்லை. உங்க கேள்விக்குள்ள மூணு கேள்வி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்கு. எலாமைட்டுக்கும் திராவிட மொழிகளுக்கும் ரத்த சொந்தம் உண்டா, எலாமைட் தமிழுக்கு அம்மாவா, ஜனங்க எங்கேருந்து வந்தாங்க. நடுவுல இருக்கறதை இப்பவே முடிச்சிடலாம். எலாமைட்டும் திராவிடமும் ஒரே குடும்பம்ங்கிற கருதுகோளை விரிவா கொண்டுவந்த மெக்ஆல்பினே எலாமைட் தமிழுக்கு அம்மான்னு சொல்லலை, ரெண்டும் அக்கா தங்கச்சி, அம்மா எழுத்தே இல்லாத காலத்துல செத்துப்போன வேற ஒரு மொழின்னுதான் சொன்னார். முதல் கேள்விக்கு பதில்: நிரூபிக்கலை. அதுக்காக பொய்னு முடிவு கட்டிட்டாங்கன்னும் அர்த்தம் இல்லை. நான் திராவிட ஒப்பிலக்கணம் படிச்சு அதையே பல வருஷமா பாடம் எடுக்கிறவன், அந்தப் பக்கம் நான் சொல்றதை நம்பலாம். எலாமைட் விஷயத்துல களிமண் பலகையை கையில வச்சு நேரா படிக்கிற ஆள் நான் இல்லை, அந்தத் துறைக்காரங்க படிச்சு பதிப்பிச்சதை வச்சுதான் பேசுறேன்.

எலாம்னா இன்னிக்கு ஈரானோட தென்மேற்கு, குஜிஸ்தான், ஃபார்ஸ் மாகாணங்கள். சமவெளியில சூசா, மலைப்பக்கம் அன்ஷான், ரெண்டும் தலைநகர். கி.மு. 2300 வாக்குலேருந்து அகாமனிய பாரசீகப் பேரரசு கி.மு. 330-ல விழுற வரைக்கும், கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம், இந்த மொழி க்யூனிபார்ம்ல (களிமண்ல ஆப்பு வடிவத்துல குத்துற எழுத்து) எழுதப்பட்டிருக்கு. பாபிலோன் பக்கம் படையெடுத்துப் போய் ஹம்முராபியோட சட்டக் கல்லை தூக்கிட்டு வந்த ஷுத்ருக்-நஹுன்தே எலாம் ராஜாதான், அதனாலதான் 1901-ல அந்தக் கல் பாபிலோன்ல கிடைக்காம சூசாவுல பிரெஞ்சுக்காரங்க தோண்டினப்ப கிடைச்சுது. பக்கத்து மெசொப்பொத்தேமியாவோட சுமேரிய மொழியோ அக்காடியனோ, இல்லை பாரசீகமோ எதுவும் எலாமைட்டுக்கு உறவு இல்லை, இதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. தனியா நிக்கிற மொழி. தனியா நிக்கிற மொழியைப் பார்த்தா சொந்தம் தேடாம விடமாட்டாங்க, மனுஷ குணம் அது.

இந்த யோசனை புதுசும் இல்லை. ஈரான்ல பெஹிஸ்துன் மலையில பாரசீக ராஜா டேரியஸ் மூணு மொழியில வெட்டி வச்ச கல்வெட்டுல ஒண்ணு எலாமைட், ஆனா 1850-கள்ல எட்வின் நாரிஸ் அதை வெளியிட்டப்ப அதுக்கு எலாமைட்னு பேர் கூட வரலை, சித்திய மொழின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. கால்டுவெல் 1856-ல ஒப்பிலக்கணம் போட்டப்பவே இந்தக் கல்வெட்டை எடுத்து, முன்னிலைக்கு 'நீ', நாலாம் வேற்றுமைக்கு நம்ம '-க்கு' மாதிரி '-இக்கி', ஆறாம் வேற்றுமைக்கு '-ன' இருக்கு பாருங்கன்னு எழுதிட்டார். அப்புறம் ஒண்ணு ரெண்டு பேர் தொட்டுட்டு போனாங்க. ஒழுங்கா உட்கார்ந்து ஒலி மாற்ற விதிகள், சொல் பட்டியல், விகுதி அட்டவணைன்னு போட்டவர் அமெரிக்கர் டேவிட் மெக்ஆல்பின், 1974, 1975, அப்புறம் 1981-ல பெருசா. ரெண்டு பக்கமும் வினையடி, காலம், ஆள் விகுதின்னு ஒரே வரிசையில அடுக்குறாங்க, இறந்தகாலம், இறந்தகாலம் அல்லாத காலம்னு ரெண்டே காலம்தான் அடிப்படைன்னெல்லாம் காட்டினார். செக் நாட்டு தமிழறிஞர் கமில் ஸ்வெலபில் அப்பவே நம்பிக்கையோட வரவேற்றார், ஆனா தலைப்புல ஒரு கேள்விக்குறியும் சேர்த்துதான் போட்டார். திராவிட மொழியியல் அறிஞர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-ல வந்த தன் பெரிய புத்தகத்துல ஏத்துக்கலை. விதிகள் எல்லாம் அந்தந்த சொல்லுக்கு ஏத்த மாதிரி தைச்சது, பொருளும் ரொம்ப இழுத்து ஒட்டினதுங்கிறதுதான் அவரோட குறை.

சரி, மெக்ஆல்பின் பக்கம் இருக்கிறதுல எது நல்ல சரக்குன்னு முதல்ல பார்ப்போம், ஏன்னா எதிர்த்துப் பேசுறவங்க பெரும்பாலும் இதை தொடாமலேயே தாண்டிப் போயிடுவாங்க. சோகா ஸன்பில்னு ஒரு இடத்துல பெரிய படிக்கோயில் இருக்கு, அதோட செங்கல்லுல ராஜா திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழுதி வச்சிருக்கார்: "உ உன்தஷ்-நபிரிஷ, ஷக் ஹும்பன்உம்மென-கி, சுன்கிக் அன்ஸன் ஷுஷுன்-க". நான் உன்தஷ்-நபிரிஷ, ஹும்பன்உம்மெனவோட மகன், அன்ஷானுக்கும் சூசாவுக்கும் அரசன். இதுல 'சுன்கிக்' பாருங்க. 'சுன்கி'னா அரசன்தான், அந்தக் கடைசி -க் தன்மையைக் காட்டுது, 'அரசனாகிய நான்'. 'சுன்கிர்'னா அவன் அரசன், 'சுன்கிப்'னா அரசர்கள், 'சுன்கிமெ'னா அரசாட்சி. பெயர்ச்சொல்லோட வாலுல நானா நீயா அவனான்னு ஒட்டுற பழக்கம் எல்லா மொழியிலயும் கிடைக்காது, தமிழ் படிச்சவனுக்கு இது பழகின விஷயம். நல்லேன், நல்லை, நல்லன்னு குறிப்பு வினைமுற்றுன்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினோமே அது. 'அடியேன்'ல இருக்கிற -ஏன் இப்பவும் வாய்ல இருக்கு. அதனால 'சுன்கிக்' நமக்குப் புதிரா இருக்காது.

இன்னும் ஒண்ணு, இதை நினைச்சா எனக்கே கொஞ்சம் ஆசையாத்தான் இருக்கு. எலாமைட்ல உயிருள்ளவங்களுக்கு பன்மை -ப். பழந்தமிழ்ல "எண்ணென்ப ஏனை எழுத்தென்ப"ங்கிற 'என்ப', 'மொழிப' எல்லாம் 'என்று சொல்வார்கள்'. தொல்காப்பியம் அர், ஆர், ப மூணையும் வரிசையா வச்சு படர்க்கைப் பலர்பால்னு சொல்லுது. சுன்கிப்-ல ப், என்ப-ல ப. பக்கத்து பக்கத்துல வச்சா புல்லரிக்கும். ஆனா எதிர்காலத்துக்கும் தமிழ்ல ப் தான் (காண்பான், உண்பான்), அதனால 'என்ப'ல இருக்கிற ப் பன்மைக்கு வந்ததா காலத்துக்கு வந்ததான்னு பிரிச்சு காட்டணும். தமிழை விட்டு வெளியே போனா பலர்பாலுக்கு ப-வை நிறுவுறதும் கஷ்டம், எல்லா கிளைகளையும் வச்சு மூலத்திராவிடத்துக்குன்னு (எல்லா திராவிட மொழிக்கும் தாயான பழைய மொழி) தைரியமா கட்டுறது -அர் வகைதான். அந்த ர் எலாமைட்ல போய் ஒருமையா நிக்குது! அமைப்பு ஒண்ணு, உள்ளே இருக்கிற ஒலி வேற. அமைப்பு ஒத்துப்போறதை மட்டும் வச்சு உறவு சொல்ல முடியாது, வேர்ச்சொல்லுக்கு பின்னாடி விகுதியா அடுக்குறது துருக்கிலயும் உண்டு, ஜப்பானிய மொழியிலயும் உண்டு.

அப்ப உறவுன்னு எதை வச்சு சொல்வீங்கன்னா, ஒத்த மாதிரி கேக்குறது தேவையே இல்லை, ஒரே ஒழுங்குல வித்தியாசப்படணும். நம்ம குடும்பத்துக்குள்ளயே பாருங்க, தமிழ்ல செவி, கன்னடத்துல கிவி. தமிழ்ல செம்மை, கன்னடத்துல கெம்பு. தமிழ்ல சேரி, கன்னடத்துல கேரி. இ, எ மாதிரி உயிருக்கு முன்னாடி பழைய க தமிழ்ல ச ஆயிருக்கு, கன்னடத்துல அப்படியே நின்னிருக்கு. அடுத்து ட, ள, ழ மாதிரி நாக்கை மடிக்கிற ஒலி வந்தா தமிழ்லயும் க மாறாது, அதான் கிளி, கீழ், கெடு எல்லாம் அப்படியே இருக்கு. விதிவிலக்குக்கே விதி இருக்கு. பலூசிஸ்தான்ல பேசுற பிராகூயியில காதுக்கு 'ஃகஃப்', ஜார்க்கண்ட் பக்கத்து குருக்-ல 'ஃகெப்தா', அங்கெல்லாம் க தொண்டையில உரசுது, கண்ணுக்கு 'ஃகன்'னு சொல்றப்பவும் அதே உரசல். இப்படி ஒரு சொல் மாறினா அதே இடத்துல மத்த சொல்லும் மாறணும், அதுதான் சாட்சி.

இந்த அளவுகோலை எலாமைட் மேல வைப்போம். காதுக்கு எலாமைட்ல 'சிரி'. இது எப்படி தெரியும்னா, பெஹிஸ்துன்ல டேரியஸ் தன்னை எதிர்த்த ஃபிரவர்திஷ்ங்கிறவனை பிடிச்சு மூக்கு, காது, நாக்கை அறுத்து ஒரு கண்ணைப் பிடுங்கினேன்னு பெருமையா எழுதி வச்சிருக்கான், ஒருத்தனோட உறுப்பு போனதுல நமக்கு உறுப்புப் பேர்கள் கிடைச்சுது. சிரி, செவி. ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கேன்னு தோணும். ஆனா செவியில இருக்கிற ச பிற்காலம், மூலத்திராவிடத்துல அது 'கெவி' மாதிரி ஒண்ணு, அப்ப ஒப்பிட வேண்டியது சிரி-யையும் கெவி-யையும். ஜோடி உடைஞ்சுது. இதே மாதிரி 'ஹல்'னா எலாமைட்ல நாடு, ஊர். உடனே கன்னட 'ஹள்ளி'யை இழுத்துட்டு வருவாங்க. ஹள்ளி நம்ம பள்ளி (திருச்சிராப்பள்ளி பள்ளிதான்), கன்னடத்துல ப ஹ-வா மாறினது கி.பி. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி ஆரம்பிச்சது, அதுக்கு ஆயிரத்து சொச்சம் வருஷம் முன்னாடியே எலாமைட் எழுத்து நின்னுபோச்சு. வாட்ஸ்அப்ல சுத்துற பட்டியல்ல முக்கால்வாசி இந்த ரகம்தான், இன்னிக்கு வாய்ல இருக்கிற வடிவத்தை நேரா நாலாயிரம் வருஷம் பின்னாடி கொண்டுபோய் ஒட்டுறது. மெக்ஆல்பின் அப்படிப்பட்டவர் இல்லை, அவர் மூலத்திராவிட வடிவத்தை வச்சுதான் ஒப்பிட்டார், இதை அவருக்காக சொல்லியே ஆகணும்.

அம்மா, அத்தா விஷயம். எலாமைட்ல 'அத்த' அப்பா, 'அம்ம' அம்மா. பழந்தமிழ்ல அத்தன்னா தகப்பன். ஆனா இன்னிக்கு துருக்கி இருக்கிற இடத்துல பேசின பழைய ஹிட்டைட்ல 'அத்த' தகப்பன், பழைய ஜெர்மானிய மொழியான காதிக்கிலயும் 'அத்த' தகப்பன், துருக்கியில 'அத'. பச்சைக்குழந்தை வாய்ல முதல்ல வர்ற ஒலியை உலகம் பூரா அப்பா அம்மாவுக்கு ஒதுக்கிடுவாங்க, அதனால இந்தச் சொற்களை சாட்சிக்கூண்டுல ஏத்துறதே இல்லை. 'நீ'க்கு எலாமைட்ல நி, நு. இது கொஞ்சம் மேல், ஏன்னா பிரதிப்பெயர் சுலபமா கடன் வாங்கப்படாது. இருந்தாலும் ஒரே ஒரு மெய் இருக்கிற குட்டிச் சொல், சீன மொழியிலயும் நீ 'நீ'தான். தன்மையும் சேர்ந்து பொருந்தினா பேசலாம், அங்க எலாமைட்ல 'உ', நம்ம பக்கம் 'யான்'. அந்த உ-வை யான் கூட சேர்க்க ஒலி விதி வேணும், அதே விதி வேற நாலு சொல்லுல வேலை செய்யணும்.

கால்டுவெல் காலத்துலேருந்து சொல்லிட்டு வர்ற ஆறாம் வேற்றுமை '-ன' கதைதான் எனக்கு முக்கியமா படுது. தமிழ்ல -இன், பிராகூயியில -னா, பாரசீகர் காலத்து எலாமைட்ல -ன. பொருத்தம் பிரமாதம். இப்ப அந்த செங்கல் வாசகத்துக்கு திரும்பிப் போங்க. 'ஹும்பன்உம்மெனவோட மகன்'னு சொல்ற இடத்துல '-ன' எங்க? இல்லை. அங்க இருக்கிறது -கி, சூசாவுக்கு பின்னாடி -க. ரெண்டுலயும் 'சுன்கிக்'ல இருக்கிற அதே தன்மை க். பழைய எலாமைட்ல 'உடைய'ன்னு ஒரு உருபே கிடையாது, முன்னாடி சொன்ன ஆள் நானா அவனா, பொருளா உயிரான்னு பார்த்து அந்த அடையாளத்தை அடுத்த சொல்லோட வாலுல திரும்ப ஒட்டுவாங்க, அவ்வளவுதான். அப்படி ஒட்டுறதுல அஃறிணை அடையாளம் ஒண்ணு ன், அதுகூட ஒரு அ சேர்ந்து '-ன' ஆகி, பிற்காலத்துல எல்லா இடத்துக்கும் பரவி வேற்றுமை உருபு மாதிரி ஆயிடுச்சு. அதாவது டேரியஸ் காலத்து எலாமைட்டை வச்சா தமிழோட பொருந்துது, அதுக்கு எழுநூறு வருஷம் முந்தின எலாமைட்டை வச்சா பொருந்தலை. ஒரே தாயோட பிள்ளைன்னா பின்னாடி போகப்போக இன்னும் நெருங்கணும், இங்க விலகுது. கால்டுவெல்லை குறை சொல்ல முடியாது, அவர் கையில இருந்தது பெஹிஸ்துன் ஒண்ணுதான்.

சொல் பட்டியல் போட்டு எண்ணிப் பார்க்கலாமேன்னு கேப்பீங்க. எண்ண சொல் வேணுமே. எலாமைட்ல கிடைச்சதெல்லாம் ராஜா கோயில் கட்டினேன்னு சொல்ற செங்கல், பாரசீகத் தலைநகர் பெர்சபொலிஸ்ல 1933-ல தோண்டி எடுத்த ரேஷன் கணக்கு. யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு ஒயின், எத்தனை ஆடு. ரிச்சர்ட் ஹாலக் 1969-ல அதுல ரெண்டாயிரத்துக்கு மேல பதிப்பிச்சார், பொருளாதார வரலாறு எழுதுறவங்களுக்கு அது பொக்கிஷம், ஆனா அதுல 'மழை பெஞ்சுது, முட்டி வலிக்குது'ன்னு எவனும் எழுதலை. எண்ணுப் பேர் கூட பெரும்பாலும் குறியாத்தான் போட்டிருக்காங்க, நாம 5-ன்னு எழுதுறப்ப அஞ்சா பாஞ்சான்னு தெரியாதே அது மாதிரி. மொழியியல்காரங்க வழக்கமா வைக்கிற 100 அடிப்படைச் சொல் பட்டியல்ல பாதியை நிரப்புறதே பாடு. ரஷ்ய மொழியியலாளர் கியோர்கி ஸ்டாரோஸ்டின் 2002-ல கிடைச்சதை வச்சு எண்ணிப் பார்த்தார், திராவிடத்தோட பொருத்தம் மத்த குடும்பங்களை விட தனியா தூக்கி நிக்கலைன்னுதான் வந்துது. எனக்கு அந்த எண்ணிக்கை முறை மேலயே பெரிய நம்பிக்கை கிடையாது, அதனால இதை வச்சு கதவை சாத்த மாட்டேன். எழுத்தும் ஒரு இடைஞ்சல். க்யூனிபார்ம் சுமேரியனுக்கு செஞ்ச சட்டை, எலாமைட்காரன் அதை போட்டுக்கிட்டான். த-வா ட-வா, நாக்கை மடிக்கிற ஒலி ஒண்ணு இருந்துச்சா, ஒகரம் இருந்துச்சா, எதுவும் அதுல தெளிவா தெரியாது. திராவிடத்தோட உயிர்நாடியே த, ற, ட மூணையும் தனித்தனியா வச்சிருக்கிறது. அதை சோதிக்கவே முடியாத எழுத்துல மறுபக்கம் இருக்கு.

நடுவுல பாலம் மாதிரி பிராகூயி இருக்கேம்பாங்க. வரைபடத்துல பார்த்தா அசத்தலாத்தான் இருக்கும், ஈரானுக்கும் நமக்கும் நடுவுல கலாத், குவெட்டா பக்கம் ஒரு திராவிட மொழி. பழைய நினைப்பு, அது அங்கேயே மிச்சம் நின்னுபோன கூட்டம்னு. ஈரானிய மொழிகள் ஆய்வாளர் ஜோசப் எல்ஃபன்பைன் 1987-ல ஒரு கேள்வி கேட்டார்: ஆயிரக்கணக்கான வருஷம் அங்க இருந்திருந்தா அவெஸ்தா மாதிரி பழைய ஈரானிய மொழிகள்லேருந்து கடன் இருக்கணுமே, பிராகூயியில இருக்கிற ஈரானியக் கடன் எல்லாம் பெரும்பாலும் பலூச்சிலேருந்து வந்த பிற்காலச் சரக்கா இருக்கே. அதனால அவங்க கி.பி. ஆயிரத்தை ஒட்டி அங்க போய் சேர்ந்தவங்களா இருக்கலாம்னார். க உரசுறது, வ ப-வா மாறுறது (வாய்க்கு பிராகூயியில 'பா') ரெண்டும் குருக், அதுக்கு நெருங்கின சொந்தமான மால்தோ பக்கம் கை காட்டுது, அது கிழக்குல இருக்கு. நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன், ஆனா முடிஞ்ச வழக்கு இல்லை. மெக்ஆல்பினே 2015-ல நேர் எதிரா ஒரு கட்டுரை போட்டு பிராகூயியை திராவிடத்துலேருந்து வெளியே எடுத்து எலாமைட் பக்கம் தள்ளி, எல்லாத்தையும் சேர்த்து ஸாக்ரோஸ் குடும்பம்னு (மேற்கு ஈரான் மலைத்தொடரோட பேர்) பேர் வச்சார். ஃகன், ஃகல், பா, நீன்னு கண்ணு, கல்லு, வாய், நீ எல்லாம் விதிப்படி வந்து நிக்கிற மொழியை வெளியே தள்ளுறது எனக்கு தொண்டையில இறங்கலை.

இப்ப மூணாவது கேள்வி, ஜனங்க. விவசாயம் ஸாக்ரோஸ் மலையிலேருந்து கிழக்கே பரவுச்சு, அந்த விவசாயிங்களோட மொழியும் பரவுச்சு, அதான் திராவிடம்னு ஒரு அழகான கதை ரொம்ப நாள் ஓடுச்சு, மெக்ஆல்பின் கருதுகோள் அதுல கச்சிதமா உட்கார்ந்துக்கும். 2019-ல ஹரியானா ராகிகடியில ஒரு ஹரப்பா காலத்துப் பெண்ணோட எலும்புலேருந்து மரபணு எடுத்து வெளியிட்டாங்க. அவங்ககிட்ட ஈரானியத் தொடர்புள்ள மூதாதையர் கூறு நிறைய இருக்கு, வீடியோக்காரங்க இதோட நிறுத்திப்பாங்க. அதே கட்டுரையில இருக்கிற மிச்ச பாதி என்னன்னா, அந்தக் கூறும் ஈரான் விவசாயிங்களோட கூறும் பிரிஞ்சது விவசாயம் ஆரம்பிக்கிறதுக்கே முன்னாடி, பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு மேல. விதையையும் மொழியையும் சேர்த்து தூக்கிட்டு வந்த கூட்டம்ங்கிற கதைக்கு இது சாதகமா இல்லை. ஆனா இது ஒரே ஒரு ஆளோட எலும்பு, எலும்புல மொழி எழுதியிருக்காது. 2018-ல திராவிட மொழிகளோட கிளைப்பிரிவு சுமார் 4500 வருஷம்னு கணினி வச்சு ஒரு கணக்கு வந்துது. அப்ப எலாமைட்டும் மூலத்திராவிடமும் சொந்தம்னா அந்தப் பிரிவு அதுக்கும் பல ஆயிரம் வருஷம் முன்னாடி நடந்திருக்கணும், எட்டாயிரமோ பத்தாயிரமோ. அவ்வளவு தூரம் போயிட்டா நிஜ சொந்தத்தோட தடயமே தற்செயல் ஒற்றுமையோட அளவுக்கு தேஞ்சிடும். உறவு இருந்தாலும் காட்ட முடியாம போகலாம்னு நான் சொல்றது இதனாலதான்.

தொடர்பு இருந்திருக்கலாம்ங்கிறது வேற விஷயம், அதை நான் தாராளமா ஏத்துப்பேன். மெசொப்பொத்தேமியாவுல 'மெலுஹா மொழிபெயர்ப்பாளன்'னு தொழிலைப் பொறிச்ச ஷு-இலிஷுங்கிறவனோட முத்திரையே இருக்கு, மெலுஹா சிந்து சமவெளிதான்னு பெரும்பாலானவங்க ஏத்துக்கறாங்க. எள்ளு இங்கேருந்து போன பயிர், அக்காடியன்ல நல்லெண்ணெய்க்கு 'எல்லு'ன்னு ஒரு சொல் இருக்கு, அது நம்ம எள்ளா இருக்கலாம்னு சொல்றவங்க உண்டு. இருக்கட்டும். சரக்கோட பேர் போறது சொந்தம் இல்லை, காசு கொடுத்தா சொல்லும் கூடவே போகும். அப்படியே, எலாம்தான் ஈழம்னு ஒரு பேச்சு உண்டு. அந்த ஊர்க்காரங்க தங்களை எலாம்னு சொல்லிக்கவே இல்லை, 'ஹதம்தி'ன்னாங்க, எலாம் பக்கத்து வீட்டுக்காரன் வச்ச பேர். (ஹதம்தியில 'தமி' ஒளிஞ்சிருக்குன்னு யாராவது இந்நேரம் கிளம்பியிருப்பாங்க.)

இனிமே எங்க பார்க்கணும்னா, பிரெஞ்சு தொல்லியலாளர் பிரான்சுவா தெசே குழு 2022-ல நேர்கோட்டு எலாமைட்ங்கிற இன்னொரு பழைய எழுத்தை படிச்சிட்டோம்னு வெளியிட்டிருக்காங்க. க்யூனிபார்ம் மாதிரி இரவல் சட்டை இல்லை அது, அந்த ஊர் எழுத்து. எல்லாரும் இன்னும் முழுசா ஒத்துக்கலை, வாசகங்களும் கொஞ்சம்தான். ஆனா வாசிப்பு நிலைச்சு நின்னா கி.மு. 2000-ஐ ஒட்டின எலாமைட்ல எந்தெந்த ஒலி தனித்தனியா இருந்துச்சுன்னு இப்ப இருக்கிறதை விட நல்லா தெரியும், அப்ப மெக்ஆல்பினோட ஒலி விதிகளை ஒவ்வொண்ணா எடுத்து சோதிக்கலாம். அவர் போட்ட ஜோடிகள்ல ஒரு இருபது, அதுவும் உடம்பு, தண்ணி, கல்லு, வா, போ மாதிரி சொற்கள்ல, ஒரே விதியில செவி-கிவி மாதிரி வந்து நின்னா நான் கட்சி மாறிடுவேன். அந்த வீடியோக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, எலாமைட் க-வுக்கு தமிழ்ல எந்த எழுத்து வரும், எந்த இடத்துல வராதுன்னு.